வீட்டுல வெட்டுற மாதிரி

மின்சாமான் விற்கிற கடையில் பாண் வெட்டும் கத்தி எதற்கு என்று, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கேட்டேன். அங்கே விற்பனைக்கு நின்ற அக்கா கவுன்டருக்குக் கீழேயிருந்து ஒரு பலகையையும் அரை றாத்தல் பாணையும் எடுத்து வைத்தார்.

"வெட்டு."

"நானா?"

"நீதான். ஒன் வீட்டுல வெட்டுற மாதிரி வெட்டு."

வெட்டினேன். துண்டு ஒரு பக்கம் இரண்டு விரல் கனம், மறுபக்கம் காகிதம். அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒனக்கு வீடு இல்ல. பாணைக் கையால பிச்சு ரோட்டுல நின்னுக்கிட்டே திங்கிற ஆளு நீ. ஒனக்கு டோஸ்டரும் வேணாம், ஓவனும் வேணாம். அந்தப் பெட்டிகள மேல ஏத்து."

உண்மைதான். மடுல்கெல்லத் தோட்டத்தில் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கொழும்பில் மூட்டை தூக்கினேன். தம்புள்ளையில் மரக்கறி லொறிகளில் ஏறினேன். வவுனியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒரு வருடம் மாப் பிசைந்தேன். அதுவரை எந்த ஊரிலும் இரண்டாவது வருடம் பார்த்ததில்லை. கண்டிக்கு வந்தபோது வயது முப்பத்தொன்று, கையில் ஒரு பை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்த அந்தக் கடையில் பெட்டி தூக்கும் வேலை கிடைத்தது. படுப்பதற்குக் கடைக்கு மேலே சாமான் அடுக்கும் பலகைத் தட்டும் கிடைத்தது. பெட்டிகளுக்கு நடுவில் காலை மடக்கிக்கொண்டு படுக்க வேண்டும். அதற்கு முன் படுத்த இடங்களை நினைத்தால் அது மோசமில்லை.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். கலஹாப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். கடைக்கு வரும் அறுபது வயதுக்காரர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் பக்கத்தில் நின்று வேலை செய்தும் நானும் பெயரைக் கேட்கவில்லை. காதோரம் ஒரு பென்சில், இடது கையில் நின்றுபோன மணிக்கூடு. நேரம் கேட்டால் மணிக்கூட்டைப் பார்க்காமலேயே சரியாகச் சொல்வார்.

வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியோடு வருவார்கள். டோஸ்டர் எடுப்பதா, டோஸ்டர் ஓவன் எடுப்பதா? டோஸ்டர் என்பது மேலே இரண்டு வாய் உள்ள சின்னச் சாமான். துண்டை உள்ளே விட்டு அழுத்தினால் இரண்டு நிமிடத்தில் சிவந்து மேலே துள்ளும். ஓவன் என்பது கண்ணாடிக் கதவு வைத்த பெட்டி. அதில் பாணும் வாட்டலாம், மீன் வைத்த மாலு பாண் சூடாக்கலாம், சின்னதாக ஒரு கேக்கும் போடலாம். ஆனால் மேசையில் பாதியைப் பிடித்துக்கொள்ளும், கரண்ட்டைக் குடிக்கும், சூடாகவே ஐந்து நிமிடம் எடுக்கும். இந்தக் கேள்விக்கு மற்றக் கடைகளில் எது விலை கூடவோ அதைத் தட்டிக் காட்டுவார்கள். அக்கா கத்தியைக் கொடுப்பார்.

"வீட்டுல வெட்டுற மாதிரி வெட்டுங்க."

விஷயம் இதுதான். டோஸ்டரின் வாய், இயந்திரத்தில் வெட்டிய பாணுக்காகச் செய்தது. நாமோ பேக்கரியில் முழுப் பாணாக வாங்கி வந்து வீட்டில் வெட்டுகிறோம். பருப்பையும் சம்பலையும் தாங்க வேண்டுமே என்று கனமாக வெட்டுகிறோம். அந்தக் கனத்தை டோஸ்டருக்குள் திணிக்கிறோம். அது துள்ளாது. புகை வரும். உடனே ஒரு கத்தியை உள்ளே விட்டுக் கிண்டுகிறோம். "பிளக்கக் கழட்டாமக் கிண்டுவாங்க," என்பார் அக்கா. "அப்புறம் டோஸ்டர் சரியில்லன்னு கொண்டாந்து வச்சிட்டு நிப்பாங்க."

கவுன்டரில் வயர் அறுந்த ஒரு பழைய டோஸ்டர் இருந்தது. வெட்டிய துண்டை அதன் வாயில் விட்டுப் பார்ப்பார். போனால் டோஸ்டர். போகாவிட்டால் கேள்விகள் தொடங்கும். வீட்டில் எத்தனை பேர், யார் முதலில் எழும்புவது, பதினைந்து அம்பியர் பிளக் பொயின்ட் இருக்கிறதா. சமையலறையில் அந்தப் பெரிய பிளக் பொயின்ட் இல்லாதவர்களுக்கு அக்கா ஓவன் விற்றதை நான் பார்க்கவில்லை.

இவ்வளவு பாண் வெட்டியும் அந்தக் கடையில் ஒரு துண்டுகூட வாட்டியது கிடையாது. முதலாளியின் சட்டம் அப்படி. பெட்டியைப் பிரித்தால் அது பழைய சாமான் ஆகிவிடும் என்பார். வெட்டிய துண்டுகள் எல்லாம் என் மத்தியானச் சாப்பாடு. அந்த வருடம் நான் பசியோடு இருந்ததாக ஞாபகம் இல்லை.

பேராதனையில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் வந்தார். குடையைக் கதிரையில் சாத்திவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எனக்கு ஓவன் ஒண்டு வேணும். பெரிசாப் பாத்துத் தாங்கோ."

"பாணை வெட்டுங்க ஐயா."

"நான் என்ன பேக்கரிக்கே வந்தனான்?"

"சும்மா வெட்டுங்களேன்."

ஐயா வெட்டினார். ஒரே கனத்தில், அளவெடுத்த மாதிரி, மெல்லிய நாலு துண்டு. முதல் துண்டு டோஸ்டரின் வாய்க்குள் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"வீட்டுல எத்தனை பேரு?"

"நான் மட்டும்தான். மனிசி பிள்ளையளோட ஊரில."

"எப்ப வருவாங்க?"

"ஆவணியில வருவினம்."

"அதுவரைக்கும் ரெண்டு துண்டுக்காகப் பெட்டி முழுக்கச் சூடாக்கப் போறீங்களா? டோஸ்டர எடுங்க. ஆவணியில அம்மாவக் கூட்டிட்டு வாங்க, அவங்க வெட்டட்டும்."

"பிள்ளை, நீர் சாமான் விக்கிறீரோ, சாத்திரம் சொல்லுறீரோ?" என்று கேட்டுக்கொண்டே டோஸ்டரை வாங்கிப் போனார். ஆவணியில் மனைவியோடு வந்தார். அந்த அம்மா கத்தியை வாங்கி, பலகை அதிர, இரண்டு விரல் கனத்துக்கு ஒரு துண்டு வெட்டினார். ஐயா அதைப் பார்த்தபடி, "ஓம், ஓவன்தான்" என்றார்.

இன்னொரு நாள் ஓர் உம்மா, கல்யாணம் முடித்து ஒரு வாரமான மகளையும் மருமகனையும் கூட்டி வந்தார். புதுக் குடித்தனத்துக்குச் சாமான் எடுக்க. அக்கா இரண்டு பேரையும் வெட்டச் சொன்னார். மாப்பிள்ளை மெல்லிசாக வெட்டினார். பெண் கனமாக வெட்டியது.

"எங்கட ஊட்டுல இப்படித் தடிப்பா வெட்டுற இல்ல," என்றார் மாப்பிள்ளை.

"எங்கட ஊட்டுல இப்படித்தான். உங்கட துண்டுக்குள்ளால றோட்டு தெரியுது," என்றது பெண்.

உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடையே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "ஆறு மாசம் ஒன்னா வெட்டிச் சாப்பிடுங்க. அப்புறம் யாரு கை ஓங்குதுன்னு தெரியும். அப்ப வந்து எடுங்க." கையில் காசோடு வந்த மூன்று பேரையும் வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்.

முதலாளி கல்லாவில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தாம்மா, வந்தவங்களத் திருப்பி அனுப்பத்தான் நான் கடையத் தொறந்து வச்சிருக்கேனா?"

"வாங்கிட்டுப் போய் ஏசுறதுக்கு, வாங்காமப் போய்ச் சிரிக்கட்டும் மொதலாளி."

முதலாளி கெட்ட மனிதர் இல்லை. தகப்பன் தொடங்கிய கடையைக் காப்பாற்ற வேண்டும் என்ற பயத்திலேயே தலை நரைத்தவர். அந்த வருடம் கொழும்பு ஏஜன்ட் ஒருவன், டிசம்பரில் நத்தாருக்கு வீட்டுக்கு வீடு கேக் போடப் போகிறார்கள் என்று சொல்லி நாற்பது டோஸ்டர் ஓவன்களை அவர் தலையில் கட்டிவிட்டான். நாற்பதையும் ஏணியில் ஏற்றி என் தட்டில் அடுக்கியவன் நான். அன்றிலிருந்து உட்கார்ந்துதான் தூங்கினேன்.

முதலாளி எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்து அக்காவிடம் சொன்னார். "நத்தாருக்கு முதல் நாள் சாயங்காலம் மேல ஒரு பெட்டி மிஞ்சினாலும், தை மாசம் இந்தக் கவுன்டர்ல என் மச்சான் மகன் நிப்பான். நீ வேற எடம் பாத்துக்க."

மச்சான் மகன் அடுத்த நாளே வந்துவிட்டான். வாசனை பூசிய பையன். வாயால் விற்பான். கோழி சுடலாம், கேக் போடலாம், பீட்சா செய்யலாம் என்று முதல் வாரமே மூன்று ஓவன் விற்றான். அதில் இரண்டு திரும்பி வந்தன. ஒன்றின் பிளக் உருகி, இன்னொன்றின் வயர் கருகி. வாங்கியவர்கள் பெரிய பிளக்கைச் சின்னப் பொயின்டில் மாட்ட இடையில் ஏதோ ஒட்டு வேலை செய்திருந்தார்கள்.

அக்கா பலகையையும் கத்தியையும் கடை வாசலுக்குக் கிட்டக் கொண்டுவந்து வைத்தார். அவ்வளவுதான். கண்டிச் சனம் பெரும்பாலும் கனமாக வெட்டுகிற சனம் என்பதை நத்தாருக்கு முந்திய இரண்டு மாதத்தில்தான் நானும் கவனித்தேன். துண்டு வாயில் போகவில்லை, பிளக் பொயின்ட் இருக்கிறது, வீட்டில் ஐந்து பேர்: ஓவன். பெட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கின. எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கால் நீட்ட இடம் கிடைத்தது.

பிளக் பொயின்ட் விஷயத்தில் அவருக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார். தோட்டத்தில் அவர் இருந்த, பன்னிரண்டு வீடு ஒட்டிய லயத்துக்கு முதன்முதல் கரண்ட் வந்தபோது வீட்டுக்கு ஒரு பல்ப்தான். டவுனில் வேலை கேட்டுப் போகிற அன்று சட்டைக்கு மடிப்பு எடுக்க வேண்டும். பல்ப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அயன் பெட்டியை மாட்டியிருக்கிறார். பன்னிரண்டு வீடும் ஒரேயடியாக இருண்டுவிட்டது. தீபாவளிக்கு முதல் நாள்.

"அஞ்சு நாளாச்சு ஆளு வந்து சரி பண்ண. பன்னெண்டு வீட்டுக்காரங்களும் மொறை வச்சு ஏசினாங்க. தீபாவளிப் பலகாரத்தையும் குடுத்து, ஏச்சையும் குடுத்துட்டுப் போனாங்க."

"வேலை கிடைச்சுதா?"

"பாதி மடிப்போட போனேன். கிடைச்சுது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுமாரி ஒன்றை இடம் மாற்ற உதவிக்கு வீட்டுக்குக் கூப்பிட்டார். கட்டுகஸ்தோட்டையில் இரண்டு அறை வாடகை வீடு. சமையலறையில் டோஸ்டர் இல்லை. ஓவன் இல்லை. பதினைந்து அம்பியர் பிளக் பொயின்ட் இருந்தது, அதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. அக்காவின் புருசன் கட்டிலில் இருந்து, பால் விடாத பிளேன்டியில் பாணைத் தோய்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடம் பேக்கரியில் போறணைக்கு முன்னால் நின்று பாண் சுட்டவர். பற்கள் போய்விட்டிருந்தன.

"என்னக்கா, ஊருக்கெல்லாம் விக்கிறீங்க, வீட்டுல ஒன்னையும் காணோம்?"

கட்டிலில் இருந்த அண்ணன்தான் பதில் சொன்னார். "நெருப்புல நின்னு ஒரு தரம் சுட்டுக் குடுத்த பாண். அத எதுக்குடா ரெண்டாந்தரம் சுடணும்?"

"கேட்டியா," என்றார் அக்கா. "மொறுமொறுப்பு இந்த வீட்டுல ஆகாது." ஓரங்களை வெட்டி எடுத்துவிட்டு நடுப் பாணை அவருக்கு வைத்தார். வெட்டிய ஓரங்களைத் தான் தின்றார். தனக்கு மொறுமொறுப்பு பிடிக்குமா என்று யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று அப்போது தோன்றியது. நானும் கேட்கவில்லை.

நத்தாருக்கு முதல் நாள் மூன்று மணியிலிருந்து மழை. மேலே ஒரே ஒரு பெட்டி. மச்சான் மகன் கவுன்டருக்குப் பின்னாலிருந்த அக்காவின் கதிரையில் காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். தை மாதம் வரை பொறுக்க முடியவில்லை போல. அக்கா நின்றுகொண்டிருந்தார்.

நாலரை மணிக்கு ஒரு தாயும் மகளும் நனைந்துகொண்டு வந்தார்கள். மகள் புதிதாக டீச்சர் வேலை கிடைத்த பெண்.

"அம்மாவுக்கு ஒரு ஓவன் வேணும் அக்கா. விடிய நாலு மணிக்கு எழும்பி அடுப்பூதினது போதும்."

அக்கா கத்தியைக் கொடுத்தார். தாய்க்குத் தேயிலைக் கொழுந்து பறித்து நுனி கறுத்த விரல்கள். அந்த அம்மா பாணைத் தடவிப் பார்த்து, நல்ல கனமாக ஒரு துண்டு வெட்டினார். பழைய டோஸ்டரின் வாய் அதை ஏற்கவில்லை.

"அப்ப ஓவன்தான்!" என்று மச்சான் மகன் துள்ளினான். "டேய், எறக்கு அத!"

நான் ஏணியில் கால் வைத்தேன்.

"பொறு," என்றார் அக்கா. "எந்தத் தோட்டம்மா?"

"கலஹாவுக்கு மேல."

"லயமா, தனி வீடா?"

"லயந்தான்."

"பிளக் பொயின்ட் எப்படி?"

"லைட் சுவிச்சோட ஒன்னு இருக்கு. சின்னது," என்றாள் மகள்.

அக்கா நிமிர்ந்து மேலேயிருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு கல்லாவைப் பார்த்தார். முதலாளி காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். நான் ஏணியிலேயே நின்றேன். சொல்லாமல் விட்டால் போதும், பெட்டி இறங்கிவிடும், வேலை தப்பிவிடும். அக்கா தயங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"இத ஒங்க வயர் தாங்காதும்மா," என்றார். "இன்னைக்கு மாட்டினா நாளைக்கு நத்தார் அன்னைக்கு லயம் முழுக்க இருட்டு. எனக்குத் தெரியும், நான் ஏச்சு வாங்கினவ. இங்க பாருங்க, கத்திய அழுத்தாம இழுங்க. இப்படி." அந்த அம்மாவின் கையைப் பிடித்து மெல்லிசாக ஒரு துண்டு வெட்டினார். அது டோஸ்டரின் வாய்க்குள் இறங்கியது. "டோஸ்டர எடுத்துட்டுப் போங்க. இதுக்குச் சின்னப் பொயின்ட் போதும்."

மகளுக்கு முகம் வாடிவிட்டது. "கேக் போடலாம்னு நெனச்சேன் அக்கா."

"பெரிய பொயின்ட்டுக்குத் தனி வயர் இழுங்க. அப்புறம் வா. நான் இங்க இருந்தா நானே எடுத்துத் தாறேன்."

அவர்கள் டோஸ்டரோடு மழையில் இறங்கினார்கள். மச்சான் மகன், "முடிஞ்சுது," என்று சொல்லிக் கதிரையில் இன்னும் நன்றாகச் சாய்ந்தான்.

முதலாளி எழுந்து வந்தார். கவுன்டருக்கு முன்னால், வாடிக்கையாளர் நிற்கிற இடத்தில் நின்றார்.

"கத்தியக் குடு."

வெட்டினார். மூன்று விரல் கனம்.

"போகாது. தெரியுதில்ல? அப்ப எனக்கு ஓவன். கடைசிப் பெட்டிய நானே எடுக்கிறேன். பில்லப் போடு."

அக்கா பில் புத்தகத்தை எடுத்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். எழுதவில்லை.

"வீட்டுல எத்தனை பேரு மொதலாளி?"

"என்கிட்டயேவா?"

"எல்லாருகிட்டயும் கேக்கிறதுதானே."

"ரெண்டு பேரு. அவதான் முதல்ல எழும்புவா. எழுது."

"பதினஞ்சு அம்பியர் பிளக் பொயின்ட் இருக்கா?"

முதலாளிக்குத் தெரியவில்லை. நாற்பது வருடமாக மின்சாமான் விற்கிறவருக்குத் தன் வீட்டுச் சமையலறைச் சுவர் தெரியவில்லை. வீட்டுக்குப் போன் போட்டார். முதலாளி அம்மாவின் குரல் போனுக்கு வெளியேயும் எங்களுக்குக் கேட்டது.

"ஓவனா? மூத்தவ கல்யாணத்துக்கு வந்தது ஒன்னு அலுமாரிக்கு மேல கெடக்கே! பெட்டியே பிரிக்கல. இன்னொன்னக் கொண்டாந்தீங்கன்னா நீங்கதான் அதுல சமைக்கணும், சொல்லிட்டேன்!"

அக்கா பில் புத்தகத்தை மூடினார்.

"ஒங்களுக்கு வேணாம் மொதலாளி."

 முதலாளி தான் வெட்டிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அத எறக்கு."

இறக்கினேன்.

"பிரி."

"பிரிச்சா பழைய சாமான் மொதலாளி," என்றேன்.

"பிரிடா. இது கடைக்கு. கடையில எத்தனை பேரு? நாலு பேரு. பொயின்ட் இருக்கு. துண்டும் தடிப்பு." அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "வேற ஏதும் கேக்கணுமா?"

"யாரு முதல்ல எழும்புறது?"

முதலாளி மச்சான் மகனைப் பார்த்தார். "நீ எழும்புப்பா. அவங்க ஒக்காரட்டும்."

அவன் எழும்பினான். நான் பிளக்கை மாட்டினேன். முதலாளியின் மூன்று விரல் துண்டுதான் முதலில் உள்ளே போனது. எத்தனையோ பாண் வெட்டிய அந்தக் கடையில் முதன்முதலாகப் பாண் வாட்டும் வாசனை வந்தது. மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

அன்றோடு மேல் தட்டு காலி. காலை நீட்டிப் படுத்தேன். அடுத்த சித்திரை முடிந்ததும் ஊர் மாறிவிட்டேன். அக்கா அந்தக் கதிரையில்தான் இருந்தார்.

அந்த மழை மாலையில் பக்கத்துக் கடையிலிருந்து நாலு பிளேன்டி வாங்கி வந்தேன். அக்காவுக்கு நடுவில் பொன்னிறமாக வெந்த துண்டு ஒன்றைக் கொடுத்தேன். அதைத் தட்டிப் பார்த்தார். சத்தம் கேட்டது. பிறகு அப்படியே பிளேன்டிக்குள் விட்டு, நன்றாக ஊறும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

"மொறுமொறுன்னு இருக்கும்போதே தின்னுங்கக்கா."

அக்கா துண்டை வெளியே எடுத்து, விரலால் பிடித்திருந்த ஓரத்தை மட்டும் கடித்தார். அது இன்னும் ஊறாமல் இருந்தது. கண்ணை மூடி மென்றார். மிச்சத்தைக் காகிதத்தில் சுற்றினார்.

"இது அவருக்கு," என்றார்.